தின்னக் கூடாத கடுகு

உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம்
எங்கள் அரைக்காணியில்
கடுகு போட்டிருக்கிறது.
அதை எதுவும் வாய் வைக்காமல் பார்ப்பது என் வேலை.

கூலிப் பதிவேட்டில்
அஞ்சலாட்சி, க/பெ தனவேல், காவல்
என்றிருக்கும்.
சொந்த நிலத்துக்குக் கூலிக்காவல்.
அதுவும் வெள்ளாமையிடமிருந்து
ஆட்டைக் காப்பாற்ற.

ஈயமும் காட்மியமும்
வேர்வழி ஏறி இலையில் தங்குமாம்.
"நல்லாத்தான் குடிக்குது" என்றான்
புதுச்சேரியிலிருந்து பைக்கில் வந்து
மண் அள்ளிப் போகும் லூர்துநாதன்.

தையில் பூத்தது.
இத்தனை மஞ்சளை இந்த மண்
நெல்லுக்கோ மணிலாவுக்கோ காட்டியதில்லை.
சிதம்பரம் போகும் ரயிலில்
ஜன்னலுக்கு ஒரு கைபேசி நீளும்.

தேனீ வந்தது.
அதை எந்தக் கழி வைத்து விரட்ட, என்று கேட்டேன்.
நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான்.
என் கேள்வியைத்தான் எழுதியிருப்பான்.

ஒருநாள் கீழத்தெரு விசாலம்
வேலிக்கு வெளியே நின்றாள்.
"ஒரு பிடி கிள்ளிக்கிறேன், கடைய."
இல்லை என்றேன்.
கீரைக்கு இல்லை சொன்னது
என் வாய்க்கு அது முதல் தடவை.
அவள் முறைத்துக்கொண்டே போனாள்.

அவள் மகள் சடங்குக்கு
நான் அளந்து கொடுத்த ரெண்டு மரக்கால் அரிசி
இதே மண்ணில் விளைந்தது.
அப்போது யாரும் வந்து
மண் அள்ளிப் பார்க்கவில்லை.
அதை அவளிடம் எப்படிச் சொல்ல?
இன்னும் சொல்லவில்லை.

மாசியில் கையுறை போட்டு
வேரோடு பிடுங்கினோம்.
எரித்தார்கள். சாம்பலைச் சலித்து
எங்கோ அனுப்பிக் கணக்கு வந்தது.
நிலத்திலிருந்து வெளியேறிய விஷம்
ஒரு எலுமிச்சம்பழ எடை.
லூர்துநாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் எத்தனை போகம்?"

விரல் விட்டான், பிறகு போனில் தட்டினான்.
நாற்பது.
அதுவும் வெள்ளம் வந்து
புதுசாக எதையும் கொட்டாமல் இருந்தால்.
எனக்கு வயசு ஐம்பத்து மூணு.

சாம்பல் மூட்டைக்கு எண் ஒட்டி
லாரியில் ஏற்றினார்கள்.
எங்கே போகுது என்றேன்.
"அதுக்குன்னு ஒரு இடம் இருக்குங்க."
அந்த இடத்துக்குப் பக்கத்து நிலம் யாருடையது
என்று கேட்க வாயெடுத்தேன்,
லாரி பின்னால் வரும் சத்தத்தில்
எனக்கே கேட்கவில்லை.

வேலியோரம் பிடுங்கத் தவறிய செடி ஒன்று
தனியாகப் பூத்து நிற்கிறது.
விசாலத்தின் வெள்ளாடு
அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

குனிந்து ஒரு கல்லெடுத்தேன்.