சுழற்கோப்பை

நேற்று ராத்திரி கோப்பையைக் காலி செய்தேன்.
ஈபி அட்டை, கேஸ் ரசீது, பாதி தீர்ந்த தைராய்டு மாத்திரை,
தண்ணீர் கேனுக்கென்று சேர்த்த ஐந்து ரூபாய்கள்,
மகளின் ஹேர்பின் மூன்று,
எப்போதோ பொரிந்துபோன பல்லிமுட்டை ஓடு.
எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில்.
"நாளைக்குத் திரும்ப இதுலதானே போடணும்?"
என்றாள் கோமளா.
ஆமாம் என்றேன்.

புளிபோட்டுத் தேய்த்தேன், ஒரு மணிநேரம்.
வருடங்கள் பளிச்சென்று வந்தன, ஊர்ப்பெயர்களும்.
எங்கள் பெயரில் ஒரு டகரம் குறைவு.
எலஹங்காவில் வெட்டியது.

மூன்றரை வரை மைதானத்தில் ஏழு கிரிக்கெட்.
அங்கிள், லாஸ்ட் ரெண்டு ஓவர்.
பிறகு சவுக்குக் கம்பு நட்டுக்
குறுக்குக்கம்பு கட்டி நிறுத்தினோம்.
டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வந்து நின்றது.
"எச் போடறது இங்கதானா சார்?"
சுண்டல்காரர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
கபடியா என்றார்.
மாதிரி என்றான் டெரன்ஸ்.
அப்புறம் ஏன் ஒருத்தனும் பாடலை என்றார்.

ஸ்க்ரம்மில்
வானம் கிடையாது, மாநிலம் கிடையாது.
என் காதோடு உரசும் பெள்ளியப்பாவின் காது,
எட்டு முதுகு எனக்குப் பின்னால் இருப்பதாய் ஒரு நம்பிக்கை
(ஏழுதான், பூவராகன் எப்போதும் தாமதம்),
எதிரே பதினாறு முழங்கால்,
ஆம்பூரில் வண்டியை நிறுத்திய பிரியாணி
அவர்கள் மூச்சில் இன்னும் சூடாக.
இன்ஷூரன்ஸ் கிளைம் பார்க்கிற ஆள் அவன்.
என்னைவிட எட்டுக் கிலோ கூட.
நான் ராத்திரி ஷிப்ட் முடித்த தோளால் தள்ளினேன்.
மண் நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை.

இடைவேளையில் எங்கள் கேன் தீர்ந்தது.
அவர்கள் கேனை உருட்டிவிட்டார்கள்.
காவிரி என்று யாரோ ஆரம்பித்தான்,
யாரும் முடிக்கவில்லை.
குடித்தோம்.

பதினெட்டுக்குப் பன்னிரண்டு.
கடைசி நிமிடத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம்,
ஒரு செருப்புக்கும் பாதிச் செங்கல்லுக்கும் நடுவே
டெரன்ஸ் பந்தோடு விழுந்தான். பதினேழு.
உதைத்தால் இரண்டு, உதைத்தால் கோப்பை.
ஜபருல்லா மூன்றடி பின்னால் போனான்,
நெற்றியைத் துடைத்தான்,
கொரட்டூரில் நிற்காத ரயில் ஒன்று போய்முடியக் காத்திருந்தான்.
நல்ல உதை.
எங்கள் கையால் நட்ட சவுக்கில் பட்டது.
கம்பு வளைந்தது, யோசித்தது,
பந்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்தது.

பரிசளிப்பு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.
நான்தான் கொடுக்க வேண்டும்.
இரண்டு கையாலும் கொடுத்தேன்.
பெள்ளியப்பா தலைக்குமேல் தூக்கியபோதுதான் பார்த்தேன்:
இடது கைப்பிடியின் உள்வளைவில்
ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.
முகம் கழுவப் போகிற அவசரத்தில்
கண்ணாடி எட்டாத ஏதோ ஒரு நாள்
கோமளா ஒட்டிவைத்தது.
ஒரு மணிநேரப் புளிக்கும் போகாதது.

கேட்டிருக்கலாம்.
என்னவென்று கேட்பேன், எந்தப் பாஷையில்?

டெம்போ டிராவலர் பாடி அணைக்கட்டு தாண்டியிருக்கும் இந்நேரம்.
ஜவுளிக்கடைப் பை ஃப்ரிட்ஜ் மேல் அப்படியே இருக்கிறது.
தோற்றதைச் சொல்லியாகிவிட்டது.
மற்றதை
அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே
தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.