நாற்பது

இரவு இரண்டேகால். யுவாஸ்கூலா.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.
சைக்ளோட்ரானுக்கு மூன்று மாடி மேலே
சைமி, காரீயத்தின் ஓர் அணுக்கருவோடு
வழக்காடிக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்திரண்டு புரோட்டான், நூற்றுநான்கு நியூட்ரான்.
செய்து வைத்தால் ஐந்து வினாடியில் பாதி இல்லை.
அதற்குள் மூன்று உருவம் அதற்கு:
உருண்டை,
அமுங்கிய தட்டை,
இழுத்துவிட்ட நீளம்.
எது தன் உடம்பென்று அதுவே முடிவுசெய்யவில்லை
என்று எழுதினாள்; அடித்தாள்.
கட்டுரையில் அப்படியெல்லாம் எழுதக்கூடாது.

துளி என்று வைத்துக்கொண்டால்
விளிம்பு நடுங்குவது புரிகிறது,
மாய எண்கள் புரியவில்லை.
அடுக்குமாடி என்று வைத்துக்கொண்டால்
ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு சாவி.
அப்புறம் யார் சொல்லி
எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து
ஒரே பக்கம் சாய்கிறார்கள்?

தனிமரம் தோப்பாகாது.
மரம் மரமாக எண்ணிக்கொண்டு போனால்
கணினிக்கு மூச்சு வாங்குகிறது, தோப்பு வரவில்லை.
தோப்பென்று தொடங்கினாலோ
ஒரு மரத்துக்கும் பெயரில்லை.

புரோட்டான்கள் ஒருபுறமும்
நியூட்ரான்கள் எதிர்ப்புறமுமாக
விலகி, மோதி, விலகும் அந்தப் பேராட்டத்தை
அவள் சமன்பாடு தூக்கத்திலும் சொல்லும்.
மூர்க்கம் எளிது.
இந்த மெல்லிய அசைவுதான்,
நீள உருவத்தின் மேல் ஒரு சிற்றலை,
விலாங்காக வழுக்குகிறது.

போன். கீழேயிருந்து தெர்ஹோ.
"ஆறு மணிக்குக் கற்றை நின்றுவிடும்.
உன் எண்ணைச் சொல்.
எங்கே தேடுவதென்று தெரியாமல்
காமாக் கதிர்களை வைக்கோலாக அள்ளுகிறேன்."

ஜோடிவிசையை ஒரு நூலளவு கூட்டினால் போதும்.
எண் பணிவாக நகர்ந்து
பழைய அளவீடுகளின் வரிசையில் போய் நிற்கும்.
யாரும் கேட்கமாட்டார்கள்.
விசைப்பலகையின் மேல் விரல்.
அந்த விரலுக்குள் எத்தனை கோடிக் கோடி அணுக்கரு;
ஒன்றுகூடத் தடுக்கவில்லை.
அவளேதான் எடுத்தாள்.

"ஆயிரத்து இருநூற்றெட்டு" என்றாள்.
"நம்பிக்கையோடா?"
"கணக்கோடு."

ஐந்தரைக்கு அவனே படியேறி வந்தான்,
வெறும் காலுறையோடு, காபியைச் சிந்திக்கொண்டு.
"அகப்பட்டுவிட்டது. நீ சொன்ன இடத்தில் இல்லை."
எவ்வளவு?
"நாற்பது கிலோ எலக்ட்ரான் வோல்ட்."
மேலேயா?
"கீழே."

கீழே, என்று சொல்லிப் பார்த்தாள்,
தொலைந்த ஒருவரின் தெருப்பெயர் கிடைத்ததுபோல.
அவன் ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தான்.
சொல்லாமல் காபியைத் துடைத்தான்.

வீட்டுக்கு ஏரி வழி.
உறைந்த நீரில் துளையிட்டு
தூண்டிலோடு குந்தியிருந்த பெண்
தலை தூக்கவில்லை.
எங்கோ ஒரு விரிசல்.
உடனே ஏரி முழுதும் ஒரே குரல்,
தாழ, நீள,
பனிப்பாளத்தின் எந்தத் துணுக்கும்
நான்தான் என்று சொல்லிக்கொள்ளாத குரல்.
பூட்ஸுக்கு அடியில் வந்தது, கரைக்குப் போனது,
மெலிந்து திரும்பியது.

மூன்று வினாடி.
நின்று, மனதுக்குள் வகுக்கத் தொடங்கினாள்.
அகலம் தெரியும்.
பனியின் தடிமன் தெரியாது.
தெரியாததை ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டு
நடந்தாள்.