கொக்கியின் கீழ்

ஜுபைல் கேம்ப்பில் விடிகாலை நாலு மணிக்கு
விளக்குப் போடாமல்
என் படுக்கையை நானே உதறிவிடுவேன்.
முழங்கை, முதுகு, காதுமடலின் பின்புறம்:
இரவெல்லாம் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினால்
ஒரு தீப்பெட்டி நிறையும்.

குல்பராஸ் தன் கட்டிலை
என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனது
போன ரம்ஜானுக்கு முன்னால்.
அந்த மூலையில் காற்று நன்றாக வருகிறதாம்.
ஏசி இந்த மூலையில் இருக்கிறது.

நாற்பத்தெட்டு டிகிரியிலும் முழுக்கைச் சட்டை.
மெஸ்ஸில் என் பக்கத்து நாற்காலியில்
என் ஹெல்மெட்தான் உட்கார்ந்து சாப்பிடும்.

தோல் டாக்டர் ஹனான், எகிப்துக்காரி,
களிம்பு எழுதப்போனவள் பேனாவை நிறுத்தி
'சர்க்கரை எத்தனை வருஷமாய்?' என்றாள்.
பதினொன்று.
'கண்ணைக் காட்டியது எப்போது?'
சொறிக்கு வந்தவனிடம் கண்ணைக் கேட்கிறாளே என்று
எனக்குச் சிரிப்பு.
அவளுக்கு வரவில்லை.
தோலில் எரிகிற அடுப்பு தோலோடு நிற்கும் என்று
யார் சொன்னது, சர்க்கரையும் கூடச் சேர்ந்தால்
மெல்லிய ரத்தக்குழாய்கள் பாவம் என்று
பாதி அரபி, பாதி இந்தி.
'உனக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை.
பார்க்காமல் இருக்காதே என்கிறேன்.'

இன்சூரன்ஸ் அப்ரூவலுக்கு ஒன்பது நாள்.
டோக்கனில் சூசை என்கிற என் பெயரை
ஸூஸா ஸூஸா என்று கூப்பிட்டு
சொட்டு மருந்து விட்டார்கள்.
தாடையை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள்.

திரையில் என் கண்ணின் உட்புறம்,
புழுதிக்காற்று நாளின் சூரியன் போல
ஆரஞ்சு நிறத்தில்.
அதன் மேல் பொடிப்பொடியாய் மஞ்சள்.
காலையில் நான் உதறுகிறேனே, அதேதான்.
இங்கே உதற முடியாது.
அது வேறு இது வேறு என்றார் சூடான் டாக்டர்.
அது தோல்; இது குழாய் கசிந்து உறைந்த கொழுப்பு.
சரி. எனக்குத் தெரிந்த உவமை அது ஒன்றுதான்.

'என்ன வேலை?'
கிரேன்.
அவர் கொஞ்ச நேரம் எதுவும் எழுதவில்லை.

முதுகு அரித்தால் கேம்ப் முழுக்கத் தெரிகிறது.
கண்ணுக்கு வலியில்லை, நமைச்சல் இல்லை.
சம்பளச் சீட்டைக் கடைசிப் பைசா வரை
படித்துக்கொண்டுதானே இருந்தேன்.
இல்லை, ஒன்று இருக்கிறது.
நாலு மாதமாய் அந்தி நேரத்து லிஃப்டில்
கீழே ரிக்கரின் ஆள்காட்டி விரல்
வானத்தைச் சுற்றுகிறதா, மண்ணைச் சுற்றுகிறதா என்று
ஒரு நொடி தேடுவேன்.
வெயில் களைப்பு என்று நினைத்தேன்.
ரிக்கர், குல்பராஸ்.

செதில் ஒட்டிக்கொள்ளும் என்று கட்டிலை நகர்த்தியவன்,
ஒட்டவே ஒட்டாத அதற்குப் பயந்தவன்,
பன்னிரண்டு டன் குழாய் இறங்கும் இடத்தில்
தினமும் என் கண்ணை நம்பி நிற்கிறான்.

வெளியே உச்சிவெயில். விரிந்த பாப்பாவுக்குள்
வெளிச்சம் அறைந்தது.
ரோடு வெள்ளை, வண்டிகள் வெள்ளை, ஆட்களும் வெள்ளை.
பிக்கப் கொண்டுவந்திருந்த அவன்
என் முழங்கையைப் பிடித்தான்.
சட்டைக்கு மேல்தான்.
ஆனால் அது எந்த இடம் என்று அவனுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் சொன்னேன்:
நாளைக்கு நான் மேலே ஏறமாட்டேன்.
ஏன்?
தள்ளி நின்று ஒரு சிக்னல் காட்டு, என்றேன்.
இருபது அடி போனான்.
'தூக்கு' என்று படித்துச் சொன்னேன்.
அவன் குரல் வரச் சற்று நேரமானது.
'நான் இன்னும் கையை எடுக்கவே இல்லை.'

கேம்ப் வரை பேச்சில்லை.
செவ்வாய்க்கிழமை லேசர். சூப்பர்வைசரிடம்
இன்னும் சொல்லவில்லை.
இரவு அவன் கட்டில்
அந்த மூலையில்தான் கிடந்தது.