கொக்கு வந்த வரிகள்

காரங்காட்டில் வள்ளங்கள் அணையும் நேரம்
தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
நண்டு எடை எழுதுகிறேன்.
கிளாட்வின் அண்ணன் சொல்வார்: நாலு எழுநூறு.
நானும் உரக்கச் சொல்வேன்: நாலு எழுநூறு.
வாய் சொன்னதைக் காது கேட்டால்தான்
கை எழுதும், அப்படி ஓர் ஏற்பாடு.
கூடைக்கு ஒரு சிப்பி
இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு.

அப்படியும் போகும்.
பதினேழாவது கூடை தெரியும்.
பத்தொன்பதாவது கூடை தெரியும்.
நடுவில் ஒன்றை யாரோ
என் கண் முன்னாலேயே தூக்கிப் போயிருப்பார்கள்.
பேனா மட்டும் வரியைவிட்டு இறங்கி
தாளின் விளிம்புவரை
நண்டு ஊர்ந்த தடமாய்ப் போயிருக்கும்.

பெரிய வலிப்பு வந்து ரெண்டு வருஷமாச்சு.
அது கொடியேற்றத்தன்று ஊரே பார்க்க வந்தது.
என் கையில் திணித்த சாவிகள் பதினொன்று.
எது யார் வீட்டுச் சாவி என்று பிரித்துக் கொடுக்க
மறுநாள் மத்தியானமானது.
இதற்கு யாரும் சாவியோடு ஓடிவருவதில்லை.
"என்ன பிரிஸ்கா, கனவா?"
கனவென்றால் பரவாயில்லையே.

மாத்திரை காலை எட்டுக்கு, ராத்திரி எட்டுக்கு.
போட்டேனா என்பது எட்டேகாலுக்கு மறந்துவிடும்.
அதனால் விழுங்கியதும் வளையலைக் கை மாற்றுகிறேன்.
வலது கையில் கிடந்தால் காலை மாத்திரை உள்ளே.

வலிப்புக்கு முன்னாலும் நான் இப்படித்தான்.
கணக்கு வாத்தியார் சாக்பீஸ் எறிந்து பழகிய மண்டை இது.
ஆக என்னிடம் திருடுவது மூன்று பேர்:
நோய், மருந்து, அப்புறம் நான்.
எந்தத் திருட்டு யாருடையது
என்பதுதான் தெரியவில்லை.

"வேற ஆள் பாக்கட்டுமா?" என்றார் முதலாளி லூர்துராயன்.
கெட்ட மனுஷன் இல்லை. ஐஸ் கரைகிற கவலை அவருக்கு.
ஒரு மாசம் கொடுங்கண்ணே என்றேன்.
அன்றிலிருந்து விடுபட்ட எடையை ஊகித்து எழுதவில்லை.
ஓரத்தில் மணி போட்டேன். 4.10. 4.55.
எதிரே ஒரு சொல், இருந்தால்.
கூடையைத் திரும்ப ஏற்றச் சொன்னேன்.
முனகிக்கொண்டே ஏற்றினார்கள்.

நோட்டை மஞ்சப்பையில் சுருட்டி
மதுரை பெரியாஸ்பத்திரிக்கு முதல் பஸ்.
டாக்டரம்மா நண்டு வாடைக்கு
மூக்கைச் சுளிக்காமல் புரட்டினார்.
"தூக்கம் கெட்ட வாரத்துலதான் கூடுது, பாரு."
ஒரு வரியில் விரலை நிறுத்தினார்:
"இங்க என்னாச்சு?"
அலையாத்திக்குப் பக்கத்துல ஒரு கருங்கொக்கு,
ஒத்தக்காலால சேத்தைக் கலக்கிக் கலக்கி
மீன் எழுப்பிச்சு.
"இங்க?"
ஏஞ்சலினுக்குப் புதுக் கம்மல்.
"இங்க?"
ஒண்ணுமில்ல.
"ஒண்ணுமில்லன்னா?"
ஒண்ணுமே இல்ல டாக்டர். இருட்டுகூட இல்ல.

அந்த மாதிரி வரிகளை மட்டும்
சிவப்பில் சுழித்தார்.
"கொக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் வலிப்பு இல்லம்மா.
அது நீ."

தொண்டி பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன்.
சிவப்பு ஒன்பது. மீதி இருபத்தாறு.
என்னுடையதுதான் அதிகம் என்பதில்
சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

மாத்திரை அளவு மாறியிருக்கிறது.
முதலில் சிவப்பைக் குறைப்போம்,
கொக்குக்கு மருந்து வேண்டுமா என்பதை
அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார்.
மூணு மணி வள்ளங்களுக்கு இப்போது வேறு பையன்.
நான் ஆறு மணிக்கு வருகிறேன்.
சம்பளத்தில் பிடித்தம் உண்டு.

இன்றைக்குக் கச்சான் அடிக்கிறது.
பதினெட்டாவது கூடை தராசில்.
"பிரிஸ்கா!"
திரும்பச் சொல்லுங்கண்ணே,
ஆலாவைப் பாத்துட்டேன்.
"மூணு தொள்ளாயிரம்."
மூணு தொள்ளாயிரம்.
ஓரத்தில் 6.40.
பக்கத்தில், சும்மா,
இறக்கை மாதிரி ஒரு கோடு.