அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம்

அஞ்சலாட்சி, 41, இறால் உரிப்பவர்,
கடலூர் முதுநகர்.
சளி மாதிரி, காலை ஏழு பத்து.
சீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது.
மூச்சு விடும்போது அவர் நெஞ்சில்
ஈரக்கயிறு கப்பியில் ஏறும் சத்தம் கேட்டதை
எழுத அதில் கட்டம் இல்லை.

கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் காயவைத்து
சாயம் ஊற்றிக் கழுவி
விளக்கைக் கூட்டிக் குனிகிறேன்.
இளஞ்சிவப்பு.
வெந்த இறாலின் அதே இளஞ்சிவப்பு.
இதை அவரிடம் சொல்லக் கூடாது.

மூக்குக்கண்ணாடி போல இரட்டைக் கரு,
சுற்றிலும் நெருக்கமாய்ச் செம்மணிகள்:
இயோசினோஃபில்.
புழு நுழைந்தால் கொல்ல
உடம்பு வளர்க்கும் காவல்.
இங்கே புழு இல்லை.
கொதிக்கும் அண்டாவின் ஆவிதான் வந்தது,
கண்ணுக்குத் தெரியாத இறாலைச் சுமந்துகொண்டு.

யார் கூப்பிட்டது இவற்றை?
மூச்சுக்குழாய் ஓரம் குந்தியிருக்கும் மாஸ்ட் செல்
பதினாறு வருஷ ஆவியில் பழகிய கொக்கிகளை
மேலெல்லாம் நட்டுவைத்திருக்கிறது.
துணுக்கு ஒன்று வந்து
இரண்டு கொக்கிகளைச் சேர்த்து இழுத்ததும்
மூட்டை அவிழ்ந்து ஹிஸ்டமின் கொட்டுகிறது.
அது முதல் கூச்சல். சீக்கிரம் ஓய்ந்துவிடும்.
ஓயாதது பிறகு வருகிறது.
குழாயின் உள்தோல் மெல்லக் கசியவிடும் கீமோகைன்.
சொல் இல்லை, வாசனையும் இல்லை,
ஆனால் இரண்டின் வேலையையும் செய்யும்.
போய் ரத்தக்குழாயின் உட்சுவரில்
ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

தன்பாட்டில் போய்க்கொண்டிருந்த செல்
சுவரில் தடுக்குகிறது, உருள்கிறது,
தடுக்குகிறது,
நிற்கிறது.
அதற்குக் கண் இல்லை.
தன் ஒரு விளிம்பையும் மறு விளிம்பையும்
ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தெரியும்:
அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம்.
போதும்.
தட்டையாகி, சுவரின் இடுக்கில்
ஒரு காலை விட்டு, பின் உடம்பை விட்டு
வெளியே வந்து மறுபடி பார்க்கிறது.
அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம்.

சுனாமிக்கு அடுத்த மாதம்
தேவனாம்பட்டினத்தில் ஒரு ராத்திரி
"தண்ணி வருது" என்றார்கள்.
யார் என்று இன்றுவரை தெரியாது.
எந்தப் பக்கம் காலடி அதிகமோ
அந்தப் பக்கம் ஓடினோம்.
ஓடியவர்கள் கத்தினோம்,
கத்தல் கேட்டு இன்னும் பேர் இறங்கினார்கள்.
எனக்கு அப்போது பத்தொன்பது.
விடிந்து பார்த்தால்
கடல் இருந்த இடத்தில் இருந்தது.
சித்தப்பா வீட்டுக் கதவு கீலோடு தெருவில்.
தனவள்ளி அக்காவின் கணுக்கால்
இன்னும் மழைக்கு முன்னால் வலிக்கும்.
வராத தண்ணீர் உடைத்த எலும்பு.

புழுவுக்கென்று காய்ச்சிய நஞ்சு,
வந்தவை அத்தனையும் கொட்டுகின்றன.
கொட்டிய இடம் வேகிறது,
வெந்த இடம் மறுபடி கூப்பிடுகிறது.
தகட்டின் ஓரத்தில்
பெயர்ந்து வந்த உள்தோல், கொத்துக் கொத்தாக.
சீட்டை எடுத்து இன்னொரு தடவை படிக்கிறேன்:
இறால் உரிப்பவர்.

நூறு எண்ண வேண்டும்.
எழுபதில் ஒருமுறை தப்பிப்போய்
முதலிலிருந்து தொடங்கினேன்.
நூற்றுக்கு இருபத்திரண்டு.

ஜன்னலில் அவர்.
"இன்னா போட்டிருக்கு?"
"டாக்டர் சொல்வாங்க."
"நாளைக்கு வேலைக்குப் போலாமா?"
அதற்கும் அதே பதில்தான் என்னிடம்.
இருமி முடிக்கும்வரை கம்பியைப் பிடித்து நின்றார்.
"வேற எடத்துலயும் கேட்டுப் பாத்தேன்,
ஐஸ் கம்பெனில, ஜவுளிக் கடைல.
எறா ஷெட்டுலதான்
கொஞ்சம் அதிகம்."

சீட்டை நாலாய் மடித்து இடுப்பில் செருகி
முதுநகர் பஸ் நிற்கும் பக்கம் போனார்.
தகட்டை நான் இன்னும் எடுக்கவில்லை.
விளக்கின் கீழே
அவை அப்படியே நிற்கின்றன,
கூப்பிட்டதும் வந்தவை.