சேத மதிப்பீடு

எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான்
என்னைக் கூப்பிடுவார்கள்.
நெளிந்த கதவு, சில்லுச்சில்லாய் முன்விளக்கு,
பன்வெல் சாலையோரம் ஒருக்களித்துக் கிடக்கும் டெம்போ.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று,
எண் பலகை தெளிவாக ஒன்று.
இன்சூரன்ஸ்காரனுக்கு வண்டிகள் பொறுமையானவை.
நான் ஃபோகஸ் செய்யும்வரை
அடிபட்டபடியே நிற்கும்.

பரேரா சார் கேட்டார்:
"பொண்ணுங்க டீமுக்கு யாராவது போட்டோ எடுப்பீங்களா?
காசு கிடையாது. வடாபாவ் உண்டு."
ஜெஸிந்தா என் கையைப் பிடித்து
மேலே தூக்கிவிட்டாள்.

முதல் ஞாயிறு,
வடாலாவில் தண்டவாளத்தை ஒட்டிய மைதானம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
பந்து இருந்த இடத்தில் புல்.
உதைத்து முடித்துத் தரையிறங்கும் கால்கள்.
ருக்ஸாரின் முதுகு மட்டும் இருபத்தேழு.
ஒரே ஒரு படத்தில் பந்து பளிச்சென்று விழுந்திருந்தது,
சாக்கடையில் மிதந்துகொண்டு.
ருக்ஸாரின் அம்மா குரூப்பில் எழுதினாள்:
சடை நன்றாகப் பின்னியிருக்கிறேன் என்று
இன்றுதான் தெரிந்தது, நன்றி.

ஜெஸிந்தா பாயில் குப்புறக் கிடந்து
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
"அப்பா, நீ எல்லாத்துக்கும் லேட்டு."
பதினாறு வருஷப் பழக்கம், கண்ணு.
"பந்தைப் பார்க்காத. தோளைப் பாரு.
கால் ஏமாத்தும். தோளுக்கு அது தெரியாது."

மூன்றாம் ஞாயிறு, ஜூலை மழை.
கேமராவுக்கு பாலித்தீன் பை, ரப்பர் பேண்ட்.
கண்ணாடியைத் துடைக்கக் காய்ந்த துணி
வடாலாவிலேயே இல்லை.
சாயலியின் இடது தோள் தாழ்ந்தது.
அழுத்தினேன்.
பந்து அதற்குப் பிறகுதான் கிளம்பியது.
ஒன்று நடக்கும் முன்னே
நான் போய் நின்றது
அன்றைக்குத்தான்.

பிறகு சாயலி விழுந்தாள்.
சேற்றில் சறுக்கி, முட்டி கிழிந்து.
எல்லோருக்கும் முன்னால் ஓடியது நான்தான்.
ஓடி,
முன்னால் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று,
காயம் நெருக்கத்தில் இரண்டு.
அளவு தெரிய ஒரு பேனா வைக்கலாமே என்று
கை சட்டைப் பைக்குப் போனது.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
அழவில்லை.
"காகா, இதை குரூப்ல போடாதீங்க."

பரேரா சார் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.
மூன்று ஆட்டமாக பெஞ்சில் இருந்த தன்வி
லேஸைக் கட்டாமலே உள்ளே ஓடினாள்.
நான் குனிந்து அழித்துக்கொண்டிருந்தேன்.
என் தொழிலில் படத்தை அழித்தால் வேலை போய்விடும்.
ஒவ்வொன்றுக்கும் கேமரா கேட்டது: நிச்சயமா?
ஆமாம்.
நிச்சயமா?
ஆமாம்.
ஐந்தாவதில் கூச்சல் எழுந்தது.

நிமிர்ந்தபோது
வலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் கேட்டாள்: "எடுத்தியா?"
காட்டினேன்.
சேற்றுக் குவியலாக ஆறு பெண்கள்,
மூன்று முகம், எண்ண முடியாத கைகள்.
"நான் எங்க?"
"அடியில."
சயான் வரும்வரை பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள்.
"இந்த சாக்ஸ் என்னுது," என்றாள் கடைசியில்.
பிறகு ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.
கோபமா என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.

திங்கட்கிழமை, பிவண்டியில் ஒரு டேங்கர்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
லென்ஸ் மூடிக்குள் ஒரு காய்ந்த புல்.
டிரைவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்,
மணிக்கட்டில் கட்டோடு.
படிவத்தில் அவருக்கு இடமில்லை.
அவர் முகத்தை நான் பார்க்கவில்லை,
தோளைத்தான் பார்த்தேன்.
மெல்லத் தாழத் தொடங்கியிருந்தது.
கேமராவைப் பைக்குள் போட்டேன்.
"சாயா குடிக்கலாமா, பாய்?" என்றேன்.