எட்டு

முதல் தடவை, ஆகஸ்டில்,
இரண்டாம் சுழியில் பயந்து
எட்டாத தரையைத் தேடிப் போனது இடது கால்.
வண்டியோடு சாய்ந்தேன்.
'கால் வச்சிட்டீங்கம்மா. நெக்ஸ்ட்டு.'

பழைய பேஷன். பதினொன்றரைக்கு டியூட்டி முடிந்தால்
பஸ் கிடையாது, அதற்காக வாங்கியது.
டாங்கில் யாரோ ஒட்டிய 'ஜோவிதா துணை'.
உரித்தேன்.
'துணை' மட்டும் வரவில்லை.

பிறகு ஏழு ஞாயிறு.
காசிமேட்டில் ஐஸ் லாரிகள் போனபின்
மீன் கழுவிய ஈரம் காயாத சிமெண்டில்
இரண்டு பெயிண்ட் டப்பா வைப்பான் அஷ்ஃபாக்.
பக்கத்து வீடு. அவனுக்கே லைசென்ஸ் இல்லை.
'டப்பாவப் பாக்காதக்கா.
பாத்த எடத்துக்குத்தான் வண்டி போவும்.'
பார்த்தேன்.
போனது.

இன்று தண்டையார்பேட்டை ஆர்டிஓ.
ஸ்கூட்டிகளின் வரிசையில்
கியர் வண்டியோடு நான் ஒருத்தி.
'கால் எட்டுமாக்கா?' என்றான்
டிரைவிங் ஸ்கூல் பையன்.
எட்டாது.
அதனால்தான்
வைக்க முடியாத காலை
வைக்கவே இல்லை.
பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாக ஒரு விரல் அழுத்தம்,
பார்வை அடுத்த வளைவில்.
இன்ஸ்பெக்டர் டீயிலிருந்து தலை தூக்கவில்லை.
பேனா அசைந்தது.

கேட்டைத் தாண்டியதும் அணைந்துவிட்டது வண்டி.
பின்னால் கண்டெய்னர் லாரி,
காது கிழிய ஹாரன்.
நியூட்ரலைத் துழாவுகிறேன்,
பச்சை விளக்கு வருவேனா என்கிறது.
வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து
இடது காலைத் தார்மேல்
நன்றாக ஊன்றினேன்.
எழுதிக்கொள்ள
இங்கே யாரும் இல்லை.